ஸ்டெம் செல் சிகிச்சையில் இன்றும் கைகொடுக்கும் மருந்து: சென்னையில் படித்த சுப்பாராவ் யார்?

ஆவடி, அம்பத்தூர் பக்கம் இருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்து இறங்குபவரா நீங்கள்? எதிரே பூந்தமல்லி நெடுஞ்சாலையில் தெரிவது சென்னை மருத்துவக் கல்லூரி. சுமார் 100 ஆண்டுகளுக்கு முன் அங்கே படித்து, எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல் வெளியேறியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அவரது ஆய்வின் வழியே வந்த ஒரு மருந்துதான், இன்று ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை பெறும் பலரைக் காக்கிறது.

கதரால் போன பட்டம்

அன்றைய சென்னை மாகாணத்தில், இன்றைய ஆந்திராவின் பீமவரத்தில் 1895-ல் பிறந்தார். காந்தியின் அழைப்பை ஏற்று கதர் அணிந்தது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. கிடைத்தது எல்.எம்.எஸ். சான்றிதழ் மட்டுமே. 'ஸ்ப்ரூ' என்ற குடல் நோய்க்கு சகோதரர்கள் இருவரைப் பறிகொடுத்தார். சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்திவிட்டு, 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்கா போனார். ஹார்வர்டில் ஆய்வு செய்தவர், 1940-ல் லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார்.

வளர்க்கும் வைட்டமின், தடுக்கும் மருந்து

அங்கே அவரது குழு 1945-ல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு அது பலன் தந்தது. செல்கள் பெருக இந்த வைட்டமின் கட்டாயம் தேவை. சரி, அதே மாதிரி தோற்றத்தில் ஒரு 'டூப்ளிகேட்' கொடுத்தால்? செல் ஏமாந்து எடுத்துக்கொள்ளும், டி.என்.ஏ. உருவாகும் வேலை நின்றுவிடும். அப்படி வந்த அமினோப்டெரினை ரத்தப் புற்றுநோய் பாதித்த குழந்தைகளுக்கு பாஸ்டன் டாக்டர் சிட்னி ஃபார்பர் கொடுத்தார். சிலருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்ததை 1948-ல் வெளியிட்டார். இதே குடும்பத்தில் வந்ததுதான் மெத்தோட்ரெக்சேட்.

ஸ்டெம் செல்லுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

கிட்னி மாற்றினால், நோயாளியின் எதிர்ப்பு சக்தி புது கிட்னியைத் தாக்கப் பார்க்கும். ரத்த ஸ்டெம் செல் மாற்றும்போது இது தலைகீழாகவும் நடக்கலாம். தானமாக வந்த செல்களோடு கொடையாளரின் டி செல்களும் வருகின்றன. அவை நோயாளியின் உடலையே அந்நியமாக நினைத்து தோல், கல்லீரல், குடலைத் தாக்கும். இதற்குப் பெயர் ஜி.வி.எச்.டி.; உயிருக்கே ஆபத்தாகலாம்.

தாக்கும் முன் டி செல்கள் வேகமாகப் பெருக வேண்டும். அங்கேதான் மெத்தோட்ரெக்சேட் பிரேக் போடுகிறது. சிகிச்சைக்குப் பின் 1, 3, 6, 11-வது நாட்களில் சிறிய அளவில் தருவது பரவலான முறை. கூடவே சைக்ளோஸ்போரின் போன்ற மருந்தும் உண்டு. எல்லோருக்கும் ஜி.வி.எச்.டி.யை முழுசாகத் தடுக்க முடியாது. ஆனால் ஆபத்து நிறையவே குறைகிறது.

இதில் எதையும் சுப்பாராவ் பார்க்கவில்லை. 1948 ஆகஸ்டில், 53 வயதில் இறந்துவிட்டார். மனிதர்களுக்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை வெற்றி பெற்றது 1950-களில்தான். வேலூர் சி.எம்.சி.யில் அது தொடங்கியது 1986-ல். சுப்பாராவுக்கு நோபல் கிடைக்கவில்லை. 1995-ல் இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது. அடுத்த முறை சென்ட்ரலில் இறங்கும்போது, எதிரே இருக்கும் அந்தக் கல்லூரியை ஒருமுறை பாருங்கள்.