ஆடியவரும் ஆட்டுவித்தவரும்

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் கோவை, திருப்பூர், ஈரோடு நகரங்களின் சாலைச் சந்திப்புகளில் விளையாட்டுப் பயிற்சி முகாம்களுக்கான பதாகைகள் முளைத்துவிடும். கிரிக்கெட்டோ, கால்பந்தோ, இறகுப்பந்தோ, பதாகையின் நடுவே முன்னாள் நட்சத்திர வீரர் ஒருவரின் முகம் இருந்தால் அந்த முகாமின் மதிப்பே வேறு. அவர் முகாமுக்கு எத்தனை நாள் வருவார், நம் பிள்ளையின் கையையோ காலையோ ஒருமுறையாவது திருத்திக் காட்டுவாரா என்று கேட்கும் பெற்றோர் குறைவு. நாட்டுக்காக ஆடியவருக்குத் தெரியாததா என்பது நம் பொது நம்பிக்கை.

மோட்டாரும் பம்பும் செய்து பிழைக்கும் இந்த மண்ணுக்கு இதன் மறுபக்கம் தெரியாததன்று. பட்டறையில் கைத்திறன் மிக்க லேத் தொழிலாளி ஒருவர் இருப்பார். புதிதாக வந்து சேரும் பையன்களுக்குத் தொழில் கற்றுக்கொடுப்பவர் பெரும்பாலும் வேறொருவராக இருப்பார். பட்டறையில் இயல்பாக ஏற்றுக்கொள்ளும் இந்த வேறுபாட்டை விளையாட்டு என்று வந்தவுடன் நாம் மறந்துவிடுகிறோம். இதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருபவர் ஹைதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம்.

இந்தியக் கால்பந்தின் பொற்காலம் என்று சொல்லப்படும் 1951 முதல் 1962 வரையிலான ஆண்டுகளின் சிற்பி அவர். 2024-இல் வெளிவந்த ‘மைதான்’ என்ற இந்தித் திரைப்படம் அவரைப் புதிய தலைமுறைக்கு அறிமுகப்படுத்தியது. திரைப்படத்துக்கு வெற்றியும் கண்ணீரும் வேண்டும். அவை அவர் வாழ்வில் இருந்தன. எனக்கு அவற்றைவிட முக்கியமாகத் தோன்றுவது, அவர் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தார் என்பது.

1909 ஆகஸ்ட் 17-ஆம் தேதி ஹைதராபாத்தில் பிறந்தவர் ரஹீம். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பயின்று பட்டம் பெற்றார். பல்கலைக்கழக அணியிலும் உள்ளூர் மன்றங்களிலும் கால்பந்து ஆடினார், நன்றாகவே ஆடினார். ஆனால், அவர் ஆட்டத்தைக் காண நாடு திரளவில்லை. இந்திய அணியின் சட்டையை ஆட்டக்காரராக அவர் அணிந்ததில்லை. காச்சிகுடா நடுநிலைப் பள்ளி தொடங்கிச் சில பள்ளிகளில் ஆசிரியராகப் பணியாற்றினார். உடற்கல்வியில் பட்டயம் பெற்று, தாருல் உலூம், சாதர்காட் உயர்நிலைப் பள்ளிகளில் விளையாட்டுப் பொறுப்பையும் ஏற்றார். நம் ஊர் வழக்கில் சொன்னால், ஒரு பி.டி. வாத்தியார்.

அந்தச் சொல்லை நாம் எவ்வளவு இளக்காரமாகப் பயன்படுத்துகிறோம்! தேர்வு நெருங்கினால் கணக்கு ஆசிரியர் வந்து கடன் வாங்கிக்கொள்ளும் பாடவேளைக்கு உரியவர் அவர். ஆனால், நாற்பது பிள்ளைகளை ஒரே மணி நேரத்தில் பார்ப்பவரும் அவர்தான். எவன் ஓடத் தயங்குகிறான், எவனுக்கு இடது கால் பழகவில்லை, எவன் பசியோடு வந்திருக்கிறான் என்பதெல்லாம் அவர் கண்ணில் படும். பிறரின் உடலைக் கூர்ந்து பார்க்கும் இந்தப் பழக்கம், தன் உடலை மட்டுமே நம்பி உச்சம் தொட்டவருக்கு எளிதில் வாய்ப்பதில்லை. அவருக்கு எல்லாம் இயல்பாக வந்திருக்கும். இயல்பாக வந்ததைப் படிப்படியாகப் பிரித்துச் சொல்லும் தேவை அவருக்கு நேர்ந்திருக்காது.

1940-களில் ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளரான ரஹீம், இறக்கும்வரை அப்பொறுப்பில் இருந்தார். அங்கே அவர் நடத்திய போட்டிகள் விசித்திரமானவை. சில போட்டிகளில் பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு எதிராளிகளை வளைந்து கடக்கக் கூடாது. வந்த பந்தை உடனே தள்ளிவிட வேண்டும். வேறு சிலவற்றில் பழக்கமில்லாத காலால் மட்டுமே உதைக்க வேண்டும். கல்கத்தாவிலும் பம்பாயிலும் தனி வீரனின் வித்தைக்குக் கூட்டம் கை தட்டிக்கொண்டிருந்த காலத்தில், அந்த வித்தையையே விதியால் தடை செய்து போட்டி நடத்த ஒரு துணிவு வேண்டும். இதைப் பயிற்சி என்பதைவிடப் பாடத்திட்டம் என்பதே பொருந்தும். எழுத்துப் பயிற்சிக்கு நான்கு கோடு நோட்டுக் கொடுப்பதுபோல, தவறு செய்யும் வழியை முதலில் அடைத்துவிட்டுச் சரியானதைப் பழக்குவது.

பலன் விரைவில் தெரிந்தது. அவரிடம் பயின்ற ஹைதராபாத் நகரக் காவல் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. 1956, 1957-ஆம் ஆண்டுகளில் சந்தோஷ் கோப்பை ஹைதராபாத் வசமானது.

அவர் வளர்த்தவர்களில் துளசிதாஸ் பலராமின் கதை தமிழர் அறிய வேண்டியது. செகந்திராபாதை அடுத்த அம்முகூடா என்ற சிற்றூரில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர் பலராம். வறுமை. ஹைதராபாத்துக்குப் பயிற்சிக்கு வந்து போகும் செலவுக்கே வழியில்லை என்றபோது, மிதிவண்டிக்கு ஏற்பாடு செய்து அவரை மைதானத்துக்கு வரவழைத்தார் ரஹீம். பின்னாளில் பி.கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம் ஆகிய மூவரும் இந்திய முன்களத்தின் மும்மூர்த்திகள் என்று பேசப்பட்டனர். அந்த மிதிவண்டி கிடைத்திராவிட்டால் மும்மூர்த்திகளில் ஒருவர் குறைந்திருப்பார். கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜும் ஹைதராபாத்தில் பிறந்தவரே. ராணுவத்தில் சேர்ந்து, மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறினால் வரும் வெலிங்டனின் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணிக்கு ஆடியவர். அந்த அணி 1955-இலும் 1958-இலும் டுராண்ட் கோப்பையை வென்றதை நீலகிரி அடிவாரத்தில் இருக்கும் நாம் அநேகமாக மறந்துவிட்டோம்.

தேசிய அணியின் பொறுப்பு ரஹீமிடம் வந்தபோது அவருக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது. 1951-இல் தில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதியில் மேவாலால் அடித்த ஒரே கோலில் ஈரானை வென்று இந்தியா தங்கம் பெற்றது. அடுத்த ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்ற கணக்கில் நசுங்கியது. இந்தியர் பலர் அந்தக் குளிரில் வெறுங்காலுடன் ஆடினர். இத்தகைய தோல்விக்குப் பிறகு புகழ்பெற்ற முன்னாள் வீரர் ஒருவர் பயிற்சியாளராக இருந்தால் என்ன செய்வார் என்று எண்ணிப் பார்க்கிறேன். தன் காலத்தில் இப்படியில்லை என்று சொல்ல அவருக்கு ஒரு புகலிடம் உண்டு. ரஹீமுக்கு அந்தப் புகலிடம் இல்லை. தோல்வியை அவர் பாடமாக எடுத்துக்கொண்டார். அந்த ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஹங்கேரியின் ஆட்டமுறையை உள்வாங்கி, நடு முன்கள வீரரைச் சற்றுப் பின்னால் இறக்கி ஆடவைக்கும் உத்தியை இந்திய அணிக்குக் கொண்டுவந்தார். காலணி அணிவதும் கட்டாயமாயிற்று.

நான்கே ஆண்டுகளில் அணி உருமாறியிருந்தது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் போட்டியை நடத்திய ஆஸ்திரேலியாவையே 4-2 என்று வென்றது இந்தியா. நெவில் டிசூசா மூன்று கோல் அடித்தார். அரையிறுதியில் மீண்டும் அதே யூகோஸ்லாவியா. இம்முறை தோல்வி 4-1. பல்கேரியாவிடமும் தோற்று நான்காம் இடம். இந்தியக் கால்பந்து உலக அரங்கில் எட்டிய உயரம் அதுவே. 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரியிடம் 2-1 என்று போராடித் தோற்று, பிரான்ஸுடன் 1-1 என்று சமன் செய்தது. கடைசி ஆட்டத்தில் பெருவிடம் 3-1 என்று தோற்றது. அந்த அணியில் இடம்பெற்றவர்களில் ஒருவர் சைமன் சுந்தர்ராஜ். அதற்குப் பின் இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவே இல்லை.

சுந்தர்ராஜ் பின்னாளில் பயிற்சியாளராகி, 1973-இல் கேரளத்துக்கு முதல் சந்தோஷ் கோப்பையைப் பெற்றுத் தந்தார். ஆக, ஆடியவர்கள் ஆட்டுவிக்க முடியாது என்று நான் சொல்ல வரவில்லை. ரஹீமின் சீடரான பி.கே. பானர்ஜியே அதற்குப் பெரிய சான்று. 1997-இல் கல்கத்தாவின் சால்ட் லேக் மைதானத்தில் ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. 1,30,000-க்கும் அதிகமானோர் திரண்டிருந்தனர். மோகன் பகானின் பயிற்சியாளர் அமல் தத்தா, ஆட்டக்காரராகப் பானர்ஜியின் புகழில் சிறு பங்கையும் பெறாதவர். புதிய ‘வைர’ வியூகத்தால் அந்தத் தொடரைக் கலக்கிக்கொண்டிருந்தார். பானர்ஜியின் ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று அவரை வென்றது. இறகுப்பந்தில் ஆல் இங்கிலாந்து பட்டம் வென்ற கோபிசந்த், சாய்னாவையும் சிந்துவையும் உருவாக்கியதையும் யார் மறுக்க முடியும்? மறுபக்கம், சச்சினை வளர்த்த ஆச்ரேக்கர் முதல்தரக் கிரிக்கெட்டில் ஆடியது ஒரே ஒரு ஆட்டம். ரக்பியில் வேல்ஸ் நாட்டுக்காக இரண்டே முறை ஆடிய கார்வின் ஜேம்ஸ்தான் 1971-இல் பிரிட்டிஷ் லயன்ஸ் அணியை நியூசிலாந்து மண்ணில் தொடர் வெற்றிக்கு இட்டுச் சென்றார்.

நட்சத்திரத்துக்கு ஒரு வசதி உண்டு. அவர் சொன்னால் வீரர்கள் கேட்பார்கள். முதல் நாளிலேயே கிடைக்கும் அந்த மரியாதை சிறிய மூலதனமன்று. ரஹீம் அதை ஒவ்வொரு நாளும் சம்பாதிக்க வேண்டியிருந்தது. சம்பாதித்தார் என்பதற்கு 1962 ஜகார்த்தாவே சாட்சி.

அந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா சேர்க்க மறுத்ததை இந்தியரான குரு தத் சோந்தி எதிர்த்தார். ஜகார்த்தா மக்களின் சினம் இந்தியர்கள்மீது திரும்பியது. இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. களத்திலும் நிலைமை நன்றாக இல்லை. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. தாய்லாந்தை வென்ற ஆட்டத்தில் தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம். தையல் போட வேண்டியிருந்தது. தங்கராஜ் காய்ச்சலில் படுத்தார். இத்தனைக்கும் மேலாக, ரஹீமை நுரையீரல் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது.

அரையிறுதியில் தென்வியட்நாமுக்கு எதிராக ரஹீம் செய்ததை இன்றும் வியக்கிறேன். தலையில் கட்டோடு இருந்த ஜர்னைல் சிங்கை, தடுப்பாட்டத்திலிருந்து எடுத்து முன்களத்தின் நடுவே நிறுத்தினார். அவர் கோல் அடித்தார். இந்தியா 3-2 என்று வென்றது. இறுதி ஆட்டம் செப்டம்பர் 4. எதிரே மீண்டும் தென்கொரியா. அதுவரை கோலைக் காத்த பிரத்யுத் பர்மன் நன்றாகவே ஆடியிருந்தார். எனினும், கொரியர்களின் உயரப் பந்துகளைக் கருதி, காய்ச்சலிலிருந்து எழுந்த நெடியவரான தங்கராஜை ரஹீம் களமிறக்கினார். முந்தைய இரவு வீரர்களை அழைத்து, தனக்குப் பரிசாக அந்தத் தங்கத்தைத் தரவேண்டும் என்று கேட்டுக்கொண்டார் என்பது அவர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்த செய்தி. மைதானம் நிறைந்த கூட்டம் எதிராகக் கூச்சலிட, பானர்ஜி முதல் கோலையும் ஜர்னைல் சிங் இரண்டாவது கோலையும் அடித்தனர். 2-1. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா அதற்குப் பின் தங்கம் வெல்லவில்லை.

யாரை எங்கே நிறுத்தினால் என்ன செய்வார் என்று அறிவதற்கு, அவர் இதுவரை செய்ததை மட்டும் பார்த்தால் போதாது. பள்ளி மைதானத்தில் அது அன்றாட வேலை. நம் பக்கத்திலேயே பாருங்கள். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியின் மாரியப்பன் தங்கவேலு, 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். ஒரு கால் ஊனமுற்ற சிறுவனைப் பிற பிள்ளைகளோடு தாண்டவைத்துப் பார்த்தவர் அவருடைய பள்ளி உடற்கல்வி ஆசிரியர். கோவை நேரு விளையாட்டரங்கைத் தன் களமாகக் கொண்டு சென்னை சிட்டி அணி 2018-19 ஐ-லீக் பட்டத்தை வென்றபோது, சிங்கப்பூரிலிருந்து வந்த பயிற்சியாளர் அக்பர் நவாஸ் தம் காலத்தில் எத்தனை கோல் அடித்தவர் என்று கேட்டு யாரும் நுழைவுச்சீட்டு வாங்கவில்லை.

நட்சத்திரங்கள் பதாகையில் இருக்கட்டும். அதனால் பிள்ளைகள் வருவார்கள். ஆனால், முகாமுக்குப் பணம் கட்டும் பெற்றோரும், கல்லூரிகளில் பயிற்சியாளரை அமர்த்தும் நிர்வாகிகளும் நேர்காணலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இவரிடம் சாதாரணமாக வந்து, தேறிப் போனவர்கள் எத்தனை பேர்? அரசுப் பள்ளிகளில் உடற்கல்விப் பாடவேளையைக் கணக்குக்குக் கொடுப்பதை நிறுத்துவதற்குத் தனியாக நிதிகூடத் தேவையில்லை.

ஜகார்த்தாவிலிருந்து திரும்பிய ரஹீம், ஒன்பது மாதங்கள் கழித்து 1963 ஜூன் 11-ஆம் தேதி காலமானார். வயது 53. அவருடைய மகன் சையத் ஷாஹித் ஹக்கீம் ரோம் ஒலிம்பிக் அணியில் இடம்பெற்றவர். பின்னர் நடுவராகவும் பயிற்சியாளராகவும் விளங்கி 2021-இல் மறைந்தார். சிறந்த பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியார் விருதை மத்திய அரசு 1985-இல் ஏற்படுத்தியது. அப்போது ரஹீம் இறந்து 22 ஆண்டுகள் ஆகியிருந்தன.