5ஜி அலையை 1890-களிலேயே பிடித்தவர்: ஜெகதீஷ் சந்திர போஸ்தான் ரேடியோவைக் கண்டுபிடித்தாரா?

நவம்பர் 30 நெருங்கினால் போதும், வாட்ஸ்அப் குரூப்களில் ஒரு ஃபார்வர்டு சுற்ற ஆரம்பித்துவிடும். ரேடியோவைக் கண்டுபிடித்தது மார்கோனி இல்லை, கல்கத்தாவில் வேலை பார்த்த ஜெகதீஷ் சந்திர போஸ். வெள்ளைக்காரர்கள் அதைத் திருடிவிட்டார்கள் என்று. கீழே பத்து பேர் கைதட்டி எமோஜி போடுவார்கள்.

இதில் பாதி உண்மை. மீதி நாமாகச் சேர்த்துக்கொண்டது. போஸ் நிஜமாகச் செய்த வேலை இதைவிட சுவாரசியமானது. அந்தக் காலத்தில் வியாபாரத்துக்கு உதவாத ஓர் அலையைப் பிடித்து, ஒளியை வளைப்பதுபோல வளைத்து, திருப்பி, முறுக்கிக் காட்டினார். அதே அலைகளைத்தான் இப்போது 5ஜி நெட்வொர்க்கும் கார் ரேடாரும் தேடிப் போகின்றன.

யார் இவர்? என்ன செய்தார்? எதை விட்டுக்கொடுத்தார்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சம்பளம் வாங்காத வாத்தியார்

1858 நவம்பர் 30-ல் வங்காளத்தில் பிறந்தவர் போஸ். அப்பா பகவான் சந்திர போஸ் அரசு அதிகாரி. வசதியான வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குப் போன காலத்தில், மகனை வங்க மொழிப் பள்ளியில் சேர்த்தார். மீனவர் வீட்டுப் பையனும் வீட்டு வேலையாளின் பையனும்தான் பக்கத்தில் உட்காரும் நண்பர்கள்.

பிறகு கல்கத்தா செயின்ட் சேவியர்ஸ் கல்லூரி. அடுத்து டாக்டருக்குப் படிக்க 1880-ல் லண்டன் பயணம். காய்ச்சல் விடாமல் படுத்தியது, பிணவறை நெடியும் ஒத்துக்கொள்ளவில்லை. மருத்துவத்தை விட்டுவிட்டு கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல் படித்தார். அங்கே அவருக்குப் பாடம் எடுத்தவர்களில் ஒருவர், வானம் ஏன் நீலம் என்று விளக்கிய ரேலி பிரபு.

1885-ல் திரும்பி வந்தவருக்கு கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் வேலை. அங்கேதான் சிக்கல். ஐரோப்பியப் பேராசிரியருக்குக் கொடுப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. தற்காலிக நியமனம் என்று சொல்லி அதிலும் பாதியைக் குறைத்தார்கள். ஆக, அதே வேலைக்கு மூன்றில் ஒரு பங்கு சம்பளம்.

போஸ் ராஜினாமா செய்யவில்லை, கத்தவும் இல்லை. தினமும் வந்து பாடம் எடுத்தார். சம்பளத்தை மட்டும் தொடவில்லை. ஒரு மாதம் இரண்டு மாதம் இல்லை, மூன்று வருஷம்! அந்த நேரத்தில் அப்பாவுக்குத் தொழில் நொடித்துக் கடன் தலைக்கு மேல் இருந்தது. கடைசியில் நிர்வாகம்தான் இறங்கி வந்தது. முழுச் சம்பளமும் பாக்கியோடு கிடைத்தது. அந்தப் பணம் அப்பாவின் கடனுக்குப் போனது.

இந்தக் கஷ்டகாலத்தில்தான், 1887-ல், கல்யாணமும் ஆனது. மனைவி அபலாவின் கதையில் சென்னையும் வருகிறது. கல்கத்தா மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்காத காலத்தில், படிப்புக்காக அவர் சேர்ந்த இடம் சென்னை மருத்துவக் கல்லூரி. உடல்நிலை காரணமாகப் படிப்பை முடிக்க முடியவில்லை. பின்னாளில் வங்கத்தில் பெண் கல்விக்காக உழைத்தவர்களில் முக்கியமானவர் ஆனார்.

குளியலறை பக்கத்தில் ஒரு லேப்

மின்காந்த அலைகள் நிஜமாகவே இருக்கின்றன என்று ஜெர்மனியின் ஹென்ரிச் ஹெர்ட்ஸ் 1888 வாக்கில் நிரூபித்தார். 1894-ல் அவர் இறந்தார். அந்த ஆய்வுகளைப் பற்றி ஆலிவர் லாட்ஜ் எழுதியதைப் படித்த போஸுக்கு ஆர்வம் பற்றிக்கொண்டது. அதே ஆண்டு தன் 36-வது பிறந்தநாளில், இனி ஆராய்ச்சிதான் என்று முடிவெடுத்தார்.

கல்லூரியில் லேப் கிடையாது. குளியலறையை ஒட்டிய ஒரு சின்ன இடத்தைத் தடுத்து எடுத்துக்கொண்டார். கருவிகள் செய்ய ஒரு தகர வேலைக்காரரைப் பழக்கிக்கொண்டார். செலவு சொந்தக் காசு.

இடம் சின்னது என்பதும் ஒருவகையில் நல்லதுக்குத்தான். எப்படி?

அலை எவ்வளவு நீளமோ, அதைப் பிடிக்கும் கருவியும் அதற்கு ஏற்ற அளவில் பெரிதாக இருக்கணும். ஹெர்ட்ஸ் தன் அலையை வளைக்கத் தாரால் செய்த முப்பட்டகத்தின் எடை சுமார் 600 கிலோ! அந்த அலையின் நீளம் 60 சென்டிமீட்டருக்கும் மேல். போஸ் யோசித்தது எளிமையானது: கருவியைப் பெரிதாக்குவதற்குப் பதில், அலையைச் சின்னதாக்கினால் என்ன?

சின்ன உலோக உருண்டைகளுக்கு நடுவே மின்பொறியைத் தெறிக்கவிட்டு, வெறும் 5 மில்லிமீட்டர் நீள அலை வரைக்கும் இறங்கினார். இன்றைய கணக்கில் 60 கிகாஹெர்ட்ஸ். மொத்தக் கருவியும் ஒரு மேஜைக்குள் அடங்கிவிட்டது. அலையை ஒரு பக்கமாகக் குவிக்கும் புனல், அதைக் கடத்திப்போகும் உலோகக் குழாய் என்று அவர் செய்தவை பின்னாளில் ஹார்ன் ஆன்டெனா, வேவ்கைடு என்ற பெயர்களில் மைக்ரோவேவ் தொழில்நுட்பத்தின் அடிப்படைப் பொருட்களாகின.

கல்கத்தா டவுன்ஹாலில் பொதுமக்கள் முன்னால் செய்து காட்டியபோது, அந்த அலை சுவரைத் தாண்டிப் போய் ஒரு மணியை ஒலிக்கவைத்தது, வெடிமருந்தைப் பற்றவைத்தது என்கின்றன பதிவுகள்.

ரயில் அட்டவணையும் சணல் திரியும்

போஸின் உண்மையான கேள்வி இதுதான்: கண்ணுக்குத் தெரியாத இந்த அலையும் ஒளிதான் என்றால், ஒளி செய்வதையெல்லாம் இதுவும் செய்யணுமே?

முதலில் போலரைசேஷன். பாடப்புத்தகத் தமிழில் தளவிளைவு. கூலிங்கிளாஸ் வாங்கும்போது போலரைஸ்டு என்று சொல்கிறார்களே, அதேதான். ஒளி எல்லாத் திசையிலும் அதிரும். ஒரு திசை அதிர்வை மட்டும் விட்டு மற்றதைத் தடுப்பதுதான் அந்தக் கண்ணாடியின் வேலை. போஸ் இதற்கு எடுத்தது, பிராட்ஷா ரயில் கால அட்டவணைப் புத்தகம். பக்கங்களுக்கு நடுவே மெல்லிய தகரத் தாள்களைச் செருகினார். ஒரு பக்கமாகப் பிடித்தால் அலை போகும். 90 டிகிரி திருப்பினால் நின்றுவிடும். அவ்வளவுதான், கருவி ரெடி.

அடுத்தது இன்னும் அழகு. சர்க்கரைக் கரைசல் வழியாகப் போகும் போலரைஸ்டு ஒளி கொஞ்சம் திரும்பி வெளியே வரும். கரைசலில் சர்க்கரை எவ்வளவு என்று ஆலைகளில் அளப்பதும் இதை வைத்துத்தான். காரணம், சர்க்கரை மூலக்கூறின் வடிவமே ஒரு பக்கமாகத் திருகியது. மூலக்கூறைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் போஸின் அலை ஒளியைவிடப் பல ஆயிரம் மடங்கு பெரியது. அப்படியென்றால் மூலக்கூறையும் அதே அளவுக்குப் பெரிதாகச் செய்துவிடலாமே?

வங்காளத்தில் சணலுக்கா பஞ்சம்! சணல் நாரை முறுக்கித் திரிகளாக்கி, கட்டுக்கட்டாக அலையின் வழியில் வைத்தார். அலை திரும்பியது. முறுக்கை எதிர்ப்பக்கமாக மாற்றினால், அலையும் எதிர்ப்பக்கம் திரும்பியது. 1898-ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்.

ஒரு பொருள் எதனால் ஆனது என்பதைவிட, அதன் உள் அமைப்பு எப்படி இருக்கிறது என்பதை வைத்து அலையை ஆட்டுவிக்கும் செயற்கைப் பொருட்களை இன்று மெட்டாமெட்டீரியல் என்கிறார்கள். உலகம் முழுக்க ஆராய்ச்சி நடக்கும் துறை அது. அதன் வரலாற்றை எழுதுகிறவர்கள் பலர் ஆரம்பப் பக்கத்தில் வைப்பது இந்தச் சணல் திரியைத்தான்.

சரி, ரேடியோ யாருடையது?

இப்போது ஃபார்வர்டுக்கு வருவோம்.

போஸ் சுவர் தாண்டி மணியடித்தது உண்மை. ஆனால் இந்தக் குட்டி அலைகள் ஊர் தாண்டாது. 60 கிகாஹெர்ட்ஸ் அலையைக் காற்றில் இருக்கும் ஆக்சிஜனே கணிசமாக விழுங்கிவிடும். கடலில் போகும் கப்பலுக்குத் தந்தி அனுப்ப நீள அலைதான் வேணும். மார்கோனி அந்தப் பாதையைப் பிடித்தார். 1896-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1901 டிசம்பரில் அட்லான்டிக்கைத் தாண்டி சிக்னல் அனுப்பினார். 1909-ல் கார்ல் பெர்டினாண்ட் பிரவுனோடு சேர்ந்து நோபல் வாங்கினார்.

அந்த அட்லான்டிக் சோதனையில் சிக்னலை உணர்ந்த பாதரசக் கருவி, போஸ் 1899-ல் வெளியிட்ட வடிவமைப்பிலிருந்து வந்தது என்று பிற்கால ஆய்வாளர்கள் ஆதாரங்களோடு வாதிட்டிருக்கிறார்கள். மார்கோனி அதற்கு போஸின் பெயரைச் சொல்லவில்லை. குறை சொல்ல வேண்டுமென்றால் அதைச் சொல்லலாம். ஆனால் செய்தி அனுப்பும் ரேடியோவை போஸ் உருவாக்கவில்லை, உருவாக்க முயலவும் இல்லை. லாட்ஜ், ரஷ்யாவின் போபோவ் என்று அந்தப் பாதையில் வேறு பலரும் இருந்தார்கள்.

போஸ் நிஜமாக இழந்தது வேறு. 1901-ல் லண்டனில் ஒரு தந்தி நிறுவன முதலாளி காப்புரிமைப் படிவத்தோடு வந்து ஆசை காட்டியதையும், தான் மறுத்ததையும் நண்பர் தாகூருக்குக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அறிவை விற்பதில் அவருக்கு உடன்பாடில்லை. அமெரிக்கத் தோழி சாரா புல் விடாமல் வற்புறுத்தியதால் ஒரே ஒரு அமெரிக்கக் காப்புரிமை 1904-ல் பதிவானது. கலீனா என்ற ஈயக் கனிமத்தை வைத்து மின்காந்த அலையை உணரும் கருவி அது. கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தெரியாத அலையையும் ஒன்றாக உணர்வதால், ஒரு செயற்கை விழித்திரை போலவே அவர் அதைப் பார்த்தார்.

குறைகடத்தியை இப்படிப் பயன்படுத்தியதற்கான முதல் காப்புரிமையாக இன்று அதைச் சொல்கிறார்கள். போஸ் அதை வைத்துக் காசு பார்க்கவில்லை. பின்னாளில் வீடுகளில் பாடிய கிரிஸ்டல் ரேடியோக்களுக்குள் இருந்தது அதே கலீனா.

நல்ல மனசுதான். ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. காப்புரிமை இருந்திருந்தால் அவர் பெயர் வழக்கு ஆவணங்களிலும் நிறுவனக் கணக்குகளிலும் தொடர்ந்து வந்திருக்கும். அது இல்லாததால் அவர் பங்கை உலகம் எளிதாக மறந்தது.

களைத்துப்போன கருவி, பேசும் செடி

தொடர்ந்து வேலை வாங்கினால் தன் உணர்கருவிகள் மந்தமாகி, ஓய்வு கொடுத்தால் தேறுவதை போஸ் கவனித்தார். தசையும் அப்படித்தானே களைக்கிறது? இந்தக் கேள்வி அவரை இயற்பியலிலிருந்து செடிகளிடம் கொண்டுபோய்விட்டது.

தொட்டாற்சிணுங்கியையும், இலைகள் தானாக ஆடும் தொழுகண்ணியையும் வைத்து, செடிக்குள் மின் சமிக்ஞை ஓடுகிறது என்று காட்டினார். செடியின் வளர்ச்சியை ஆயிரக்கணக்கான மடங்கு பெரிதாக்கிக் காட்ட கிரெஸ்கோகிராஃப் என்ற கருவியைச் செய்தார். லண்டனில் உடலியல் நிபுணர்கள் எதிர்த்தார்கள். 1901-ல் ராயல் சொசைட்டியில் அவர் கட்டுரை அச்சேறாமல் நின்றது. அதே சொசைட்டி 1920-ல் அவரை உறுப்பினராக்கியது.

எல்லாவற்றிலும் அவர் சொன்னது சரி என்று சொல்ல முடியாது. உலோகத்துக்கும் உயிருக்கும் அவர் போட்ட முடிச்சை அறிவியல் ஏற்கவில்லை. மரத்தில் நீர் மேலேறுவதற்கு அவர் சொன்ன காரணமும் நிலைக்கவில்லை. ஆனால் செடிக்குள் மின் சமிக்ஞை பயணிக்கிறது என்பது நிலைத்தது. ஓர் இலையைக் காயப்படுத்தினால் தூரத்து இலைக்கு மின் சமிக்ஞை போய் அது தற்காப்புக்குத் தயாராவதையும், அதற்குக் காரணமான மரபணுக்களையும் 2013-ல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு காட்டியது.

இன்று ஏன் இந்தக் கதை?

2022-ல் இந்தியா 5ஜி அலைக்கற்றையை ஏலம் விட்டபோது, அதில் 26 கிகாஹெர்ட்ஸ் பட்டையும் இருந்தது. போஸ் மேஜையில் வைத்து விளையாடிய எல்லைக்குள் வரும் அலை அது. தூரம் போகாது என்று ஒதுக்கிய அதே குணம் இன்று பயன்படுகிறது: ஒரே அலைவரிசையைப் பக்கத்துப் பக்கத்து இடங்களில் இடிபடாமல் மறுபடி பயன்படுத்தலாம், ஏராளமான டேட்டாவை ஏற்றலாம். முன்னால் போகும் வண்டியைக் கவனிக்கும் கார் ரேடாரும், ஏர்போர்ட்டில் உடலைச் சோதிக்கும் ஸ்கேனரும் மில்லிமீட்டர் அலையில்தான் ஓடுகின்றன.

1917-ல், தன் 59-வது பிறந்தநாளில், கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே கண்டுபிடிப்பது எல்லாருக்கும் பொது, காப்புரிமை எடுக்கமாட்டோம் என்று அன்றைக்கே அறிவித்தார். 1937 நவம்பர் 23-ல், 79 வயதை எட்ட ஒரு வாரம் இருக்கும்போது, கிரிடீஹ் ஊரில் காலமானார். அவர் செய்த கருவிகள் பல இன்றும் அந்த நிறுவனத்தில் பத்திரமாக இருக்கின்றன.

அடுத்த தடவை அந்த ஃபார்வர்டு வந்தால், மார்கோனியைத் திட்ட வேண்டியதில்லை. ரேடியோ வேறு கதை. குளியலறையை ஒட்டிய ஒரு மூலையில், ஒரு ரயில் அட்டவணையையும் கொஞ்சம் சணலையும் வைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத ஒளியைத் திருப்பிக் காட்டியவர் என்று ஒரு வரி சேர்த்து அனுப்பிவிடுங்கள்.