பிறநிலத்திலிருந்து தாய்மொழி வளர்த்த அச்சமாம்பா அம்மையார்

தெலுங்கு நாட்டில் குடியேறி வாழும் தமிழராகிய நாம், இந்நாட்டார் போற்றும் பெரியோர்களின் வரலாற்றை அறிந்துகொள்ளுதல் கடமையாகும். அவர்களுள் பண்டாரு அச்சமாம்பா அம்மையாரின் வரலாறு நம் குடும்பங்கள் சிறப்பாகக் கருத்திற் கொள்ளத் தக்கது. ஏனெனில், அவரும் நம்மைப் போலவே தாய்மொழி வழங்காத ஊரில் வாழ்ந்தவர்.

அச்சமாம்பா 1874ஆம் ஆண்டு கிருஷ்ணா மாவட்டத்து நந்திகாமப் பகுதியில் பிறந்தார். ஆறாம் வயதில் தந்தையை இழந்தார். பத்தாம் வயதில் பண்டாரு மாதவராவ் என்பாருக்கு மணம் செய்விக்கப்பட்டார். பின்னர் மத்திய மாகாணத்தில் கணவர் இல்லம் புகுந்தார். பள்ளி சென்று பயிலும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. பெண்கள் படித்தால் குடும்பம் கெடும் என்று கற்றோரும் நம்பிய காலம் அது.

அவருடைய தம்பி கொமர்ராஜு வேங்கட லக்ஷ்மண ராவ் மூன்றாண்டு இளையவர். தமக்கையின் ஆதரவில் நாகபுரியில் தங்கிக் கல்வி பயின்றார். தம்பி பாடம் படிக்கையில் தமக்கையும் உடனமர்ந்து தெலுங்கும் இந்தியும் கற்றார். பின்னர் மராத்தி, வங்காளம், குஜராத்தி ஆகிய மொழிகளிலும் பயிற்சி பெற்றார். அம்மையார் வாழ்ந்த ஊரில் கடைவீதியிலும் அண்டை வீட்டிலும் தெலுங்கு கேட்பது அரிது. எனினும் அவர் எழுதத் தொடங்கியபோது எழுதியது தெலுங்கிலேயாம். பிறமொழிகளிற் படித்தறிந்தவற்றையும் தம் மொழிப் பெண்டிருக்குப் பயன்படுமாறு கொணர்ந்தார்.

தாம் பெற்ற மக்களை இளமையிலேயே இழந்த துயரம் அவரை வாட்டியது. ஆயினும் அவர் சோர்ந்து ஒதுங்கினாரில்லை. ஆதரவற்ற குழந்தைகளை இல்லத்திற் சேர்த்து வளர்த்துக் கல்வி அளித்தார்.

1901ஆம் ஆண்டு அவருடைய 'அபலா சச்சரித்ர ரத்னமாலா' என்னும் நூல் வெளிவந்தது. பாரத நாட்டு வரலாற்றிற் புகழ்பெற்ற மாதர் பலருடைய வாழ்க்கையைத் தொகுத்துக் கூறும் நூல் அது. பெண்டிர் அறிவிற் குறைந்தவர் என்னும் கூற்றை வாதத்தால் மட்டுமின்றி வரலாற்றுச் சான்றுகளாலும் மறுப்பதே அம்மையாரின் நோக்கம்.

அடுத்த ஆண்டு, 'ஹிந்து சுந்தரி' என்னும் மாதர் இதழில் 'தனத்ரயோதசி' என்னும் சிறுகதையை எழுதினார். தீபாவளியை ஒட்டி வரும் திருநாளில், வறுமையால் பிறர் பொருளுக்கு ஆசைப்பட்ட கணவனை மனைவி நல்வழிப்படுத்தும் கதை அது. 1910இல் குரஜாட அப்பாராவ் எழுதிய 'தித்துபாட்டு' என்னும் கதையே தெலுங்கின் முதற் சிறுகதை என நெடுங்காலம் கருதப்பட்டது. பிற்கால ஆராய்ச்சியாளர் பலர் அச்சமாம்பாவின் கதைக்கே அப்பெருமையை உரித்தாக்குகின்றனர். எட்டாண்டு முற்பட்ட ஒரு பெண்ணின் படைப்பு உரிய இடம் பெறுவதற்கு இத்துணைக் காலம் சென்றது.

அதே 1902ஆம் ஆண்டு மசூலிப்பட்டினத்தில் பிருந்தாவன ஸ்திரீ சமாஜம் தோன்றுவதற்கும் அவர் காரணராயிருந்தார். ஆந்திர நாட்டின் பிற ஊர்களுக்கும் சென்று மாதர் சங்கங்கள் அமையத் துணை புரிந்தார். 1905ஆம் ஆண்டு, முப்பதே வயதில் காலமானார். பிளேக் நோயுற்றார்க்குப் பணிவிடை செய்ததே அவர் முடிவுக்குக் காரணம் என்பர்.

நம் ஹைதராபாதிலும் அக்குடும்பத்தின் தொண்டு நிலைத்துள்ளது. நிஜாம் அரசில் தெலுங்கு ஆதரவற்றிருந்த நாளில், 1901இல், இங்கே ஸ்ரீ கிருஷ்ணதேவராய ஆந்திர பாஷா நிலயம் என்னும் நூல்நிலையத்தை நிறுவியவர்களுள் லக்ஷ்மண ராவும் ஒருவர். 1906இல் அவர் முயற்சியால் விஞ்ஞான சந்திரிகா மண்டலி தோன்றி, வரலாறு, அறிவியல் முதலிய துறைகளில் தெலுங்கு நூல்களை வெளியிட்டது. நாகபுரியில் தமக்கையும் தம்பியும் ஒருங்கே பயின்ற பாடத்தின் பயனை இந்நகரமும் பெற்றது எனலாம்.

நம் காலனியில் பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கும் இந்தியும் ஆங்கிலமும் கற்கின்றனர், அது நன்றே. ஆனால் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகளுள் பலருக்குத் தாத்தா எழுதிய கடிதத்தைப் படிக்க இயலவில்லை. இதற்குப் பள்ளியைக் குறைகூறிப் பயனில்லை. அச்சமாம்பாவுக்குப் பள்ளியே இல்லை. உடன்பிறந்தான் அருகே ஓர் இடம் மட்டுமே இருந்தது. எழுத்தறிந்த அண்ணனோ அக்காளோ இளையோரை அருகமர்த்தி நாள்தோறும் அரைமணி நேரம் தமிழ் படிப்பிக்கும் வழக்கம் நம் இல்லந்தோறும் இவ்வாண்டு முதல் ஏற்படுமாக. தாய்மார்கள் இதற்குத் துணை நிற்க வேண்டுகிறோம்.