கடுக்கனை அடகு வெச்சு அண்ணாமலை வந்த 16 வயசு ரமணர்!

பௌர்ணமி வந்தா போளூர்ல திருவண்ணாமலை பஸ் எல்லாம் ஃபுல்! 14 கிலோமீட்டர் கிரிவலத்துல கால் கொப்புளிச்சா, ரமணரைக் கொஞ்சம் நெனச்சுக்கோங்க.

1896-ல் 3 ரூபாயோடு மதுரையிலிருந்து ரகசியமாகக் கிளம்பினார் வேங்கடராமன். மிச்சக் காசு மாம்பழப்பட்டு ரயிலுக்கே சரி, பிறகு நடை. திருக்கோவிலூர் கீழூரில் மயங்கி விழ, கையிலிருந்த சோறு தெருவில் சிதறியது. பொறுக்கிச் சாப்பிட்டார். திரும்பிப் போகவில்லை. கடுக்கனை 4 ரூபாய்க்கு அடகு வைத்து, செப்டம்பர் 1-ல் அண்ணாமலை சேர்ந்தார்.

1950-ல் மறையும்வரை ஊரைவிட்டு நகரவில்லை. ஆனால், பல வருஷம் அன்பர்களோடு மலையைச் சுற்றினார். ஒருமுறை மலையில் குளவிக்கூட்டில் கால்பட்டு, கொட்டித் தீர்த்தன. கலைத்தது தன் கால்தானே என அசையாமல் நின்றார்.

கிரிவலத்தில் அவர் நடை ரொம்ப நிதானம். வழியில் தங்கி, சமைத்துச் சாப்பிட்டுப் போவார்கள். யாரையும் முந்தணும்னு அவசரமே இல்லை!