வெற்றுத்தாளில் வந்த நெல்!

துவாக்குடி வழியா தஞ்சாவூருக்கு இப்போ பஸ்ஸில் ஒரு மணி நேரம். 1781-ல் தஞ்சைக் கோட்டைக்குள் ஒரு மூட்டை நெல் போய்ச் சேருவதே பெரும்பாடு. ஹைதர் அலி படை சீமையைச் சூறையாட, காலையில் தெருவெல்லாம் பட்டினிப் பிணங்கள்.

கிராமங்களில் நெல் இருந்தது. ஆனா, முன்பு கொண்டுவந்த குடியானவர்களின் கூலியைத் துபாஷிகள் சுருட்டிவிட்டார்கள். அப்புறம் யார் வருவா? மாடுகளை ஓட்டிக்கொண்டு ஒதுங்கிவிட்டார்கள். ராஜா கெஞ்சியும் பலனில்லை. கடைசியில், உங்கள் பேரில் பேசி முடியுங்கள் என்று சுவார்ட்ஸ் ஐயருக்கு ஒரு வெற்றுத்தாளை அனுப்பினார்.

பிரஷ்யாவில் 1726-ல் பிறந்த பாதிரியார் அவர். 1762 முதல் பதினாறு வருஷம் திருச்சிவாசி. தமிழ் நன்றாகப் பேசுவார். என் கையாலேயே கூலி தருவேன், எதிரி பிடித்த மாட்டுக்கும் பணம் உண்டு என்று ஊர் ஊராக ஓலை போனது. ஓரிரு நாளில் ஆயிரத்துக்கும் மேல் மாடுகள்! உபதேசியார்கள் உயிரைப் பணயம் வைத்துப் போய், 80,000 கலம் தானியம் சேர்த்தார்கள்.

எல்லாம் முடிந்ததும் ஐயர் பாக்கியில்லாமல் கூலி கொடுத்தார். சின்ன வெகுமதியும் கொடுத்து ஊருக்கு அனுப்பினார். அதில் கொஞ்சம் அடுத்தவர் பணம்!

1798-ல் அவர் இறந்தபின், சரபோஜி மன்னர் வைத்த பளிங்குச் சிற்பம் தஞ்சை சிவகங்கைக் கோட்டைச் சர்ச்சில் இருக்கிறது.