கடலைப் பார்த்த கண்ணாடி அறை

ஒரு ரொட்டியைத் திருடினான் ஓர் ஏழை. சிறையில் அடைத்தார்கள். தப்பி ஓடப் பார்த்தான், தண்டனை வளர்ந்தது. மொத்தம் 19 ஆண்டுகள் சிறையில் வாடினான்.

இந்தக் கதையைச் சுத்தானந்த பாரதியார் "ஏழை படும் பாடு" என்று தமிழில் தந்தார். 1950-ல் அது சினிமாவாகவும் வந்தது. கதாநாயகனாக நடித்தவர் நாகையா.

மூலக் கதையை எழுதியவர் விக்டர் ஹியூகோ. பிரெஞ்சு நாட்டின் பெரும் புலவர். பாரிசில் தொடங்கிய அந்தக் கதை பாதியில் நின்று கிடந்தது. அதை மறுபடி எடுத்து அவர் வளர்த்தது ஒரு தீவில். நாட்டை இழந்து வாழ்ந்த காலத்தில்!

மாறுவேடம்

ஹியூகோ 1802-ல் பிறந்தார். இளமையிலேயே புகழ் பெற்றார். அரசியலிலும் இறங்கி, சட்டசபை உறுப்பினர் ஆனார்.

1851 டிசம்பரில் ஜனாதிபதி லூயி நெப்போலியன், படை பலத்தால் முழு அதிகாரத்தையும் பறித்துக்கொண்டார். ஹியூகோ எதிர்த்தார். அவரைப் பிடிக்கப் போலீசார் தேடினார்கள். தொழிலாளி போல வேடம் பூண்டார். வேறு பெயரில் ரெயில் ஏறி, பெல்ஜியம் போய்ச் சேர்ந்தார்.

அடுத்து ஜெர்சி தீவு. 1855-ல் அங்கிருந்தும் அவரை வெளியேற்றினார்கள். பக்கத்தில் உள்ள கெர்ன்சி தீவுக்குப் போனார்.

மறு ஆண்டு அவருடைய கவிதைப் புத்தகம் நன்றாக விற்றது. அந்தப் பணத்தில் கடலைப் பார்த்தாற்போல் ஒரு பெரிய வீடு வாங்கினார். சொந்த வீடு உள்ளவரை அந்தத் தீவில் இருந்து எளிதில் விரட்ட முடியாது. வீடு வாங்க அதுவும் ஒரு காரணம்.

பழைய பெட்டிகள்

ஹியூகோவுக்குப் பழைய மரச் சாமான்கள் என்றால் உயிர். தீவு முழுவதும் சுற்றினார். சிற்ப வேலை செய்த பழைய பெட்டிகளைத் தேடித் தேடி வாங்கினார்.

வாங்கியதை அப்படியே வைக்கவில்லை. படம் வரைந்து தச்சரிடம் கொடுத்தார். பெட்டியின் பலகைகள் சுவரில் ஏறின. பழைய கதவு மேஜை ஆயிற்று. கம்பளங்கள் கூரையில் தொங்கின. சாப்பாட்டு அறையில் பீங்கான் ஓடுகளால் தம் பெயரின் முதல் எழுத்தைப் பெரிதாக அமைத்தார்.

ஓர் அறையில் சிற்ப வேலை நிறைந்த பெரிய கட்டில். இத்தாலிய வீரர் கரிபால்டி வந்தால் தங்கட்டும் என்று வைத்தது. கரிபால்டி வரவே இல்லை!

நின்றபடி எழுதினார்

இவ்வளவு அலங்காரம் செய்தவர் எழுதிய இடம் எது தெரியுமா?

வீட்டின் உச்சியில் ஒரு சிறு கண்ணாடி அறை. 1862 வாக்கில் கட்டி முடித்தது. நாற்காலியில் உட்கார்ந்து அவர் எழுதவில்லை. சிறு பலகையில் தாளை வைத்து, நின்றபடியே எழுதினார். விடியற்காலையில் தொடங்கினால் பகல் வரை வேலை நடக்கும்.

எதிரே கடல். வானம் தெளிந்த நாளில், கடலுக்கு அப்பால் பிரெஞ்சுக் கரை கோடு போலத் தெரியும். அந்தக் கோட்டைப் பார்க்கலாம். அங்கே கால் வைக்க முடியாது.

1866-ல் வெளிவந்த கடல் தொழிலாளர் கதையும் இந்தத் தீவில் பிறந்ததுதான்.

மன்னிப்பு வேண்டாம்

1859-ல் பிரெஞ்சு அரசு பொது மன்னிப்பு அறிவித்தது. ஹியூகோ திரும்பி இருக்கலாம். நாட்டுக்கு விடுதலை வந்த பிறகே வருவேன் என்று இருந்துவிட்டார்.

அதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. பிள்ளைகளுக்குத் தீவு வாழ்க்கை கசந்தது. ஒவ்வொருவராக வெளியேறினார்கள். மனைவியும் பெல்ஜியத்தில் அதிக நாள் தங்கி, 1868-ல் அங்கேயே இறந்தார். அழகான வீடு, ஆனால் ஆள் இல்லாத வீடு!

1862 முதல் தீவின் ஏழைக் குழந்தைகளை அழைத்து, வாரந்தோறும் வீட்டிலேயே விருந்து வைத்தார்.

1870-ல் லூயி நெப்போலியன் போரில் தோற்றார். பேரரசு கவிழ்ந்தது. ஹியூகோ பாரிஸ் திரும்பினார். அவர் நாட்டைப் பிரிந்து வாழ்ந்ததும், கதாநாயகன் சிறையில் இருந்ததைப் போல, ஏறக்குறைய 19 ஆண்டுகள்தான்!

1885-ல் ஹியூகோ காலமானார். 1927-ல் அவர் குடும்பத்தார் தீவு வீட்டைப் பாரிஸ் நகரத்துக்கு வழங்கினார்கள். பழுது பார்த்து, 2019-ல் மீண்டும் திறந்தார்கள். பழைய பெட்டிப் பலகைகளும், உச்சியில் உள்ள கண்ணாடி அறையும் இன்றும் காட்சிக்கு உள்ளன.