திப்பு சுல்தானின் உறுமும் புலி

லண்டன் மாநகரில் விக்டோரியா ஆல்பர்ட் பொருட்காட்சிசாலை என்று ஒன்று உண்டு. உலகத்துக் கலைச் செல்வங்கள் குவிந்திருக்கும் அந்த மாளிகையில், பெரியவர்களும் குழந்தைகளும் ஒருங்கே மலைத்து நிற்கும் பொருள் ஒரு மரப்புலி. நீளம் ஏறக்குறைய 5 அடி 10 அங்குலம். உயரம் 2 அடி 4 அங்குலம். மல்லாந்து கிடக்கும் ஒரு வெள்ளைக்காரனின் மேல் ஏறி, அவன் குரல்வளையைக் கவ்வுகிறது அந்தப் புலி.

பார்வைக்கு இது சிற்பம். உள்ளே இருப்பதோ இயந்திரம். விலாப்புறத்துக் கைப்பிடியைச் சுழற்றினால் துருத்திகள் இயங்கத் தொடங்கும். புலியின் தலைக்குள் இருக்கும் குழல் வழியாகக் காற்று பாய்ந்து உறுமல் எழும். மனிதனின் தொண்டையில் பொருத்திய மற்றொரு குழல் அலறும். அவனுடைய இடது கை மேலும் கீழும் அசைய, அந்த அசைவுக்கு ஏற்ப அலறலின் சுருதியும் ஏறி இறங்கும். போதாததற்கு, புலியின் பக்கத்தில் ஒரு சிறு கதவு. அதைத் திறந்தால், தந்தத்தால் ஆன 18 கட்டைகள். ஆர்மோனியம் வாசிப்பதைப் போல அவற்றில் பாட்டும் வாசிக்கலாம்!

இந்த விசித்திர வாத்தியத்தின் சொந்தக்காரர் மைசூர் மன்னர் திப்பு சுல்தான். ஒரு மன்னருக்கு ஏன் இப்படி ஒரு பொம்மை வேண்டியிருந்தது? அதற்கு விடை அவருடைய வாழ்க்கையிலேயே இருக்கிறது.

கொள்ளிடக்கரையில்

பெங்களூருக்கு வடக்கே உள்ள தேவனஹள்ளியில் ஹைதர் அலியின் மகனாகப் பிறந்தவர் திப்பு. ஆனால் அவர் பெயர் நம் நாட்டைச் சேர்ந்தது. ஆர்க்காட்டில் அடங்கியிருக்கும் திப்பு மஸ்தான் ஔலியா என்ற பெரியாரின் நினைவாக வைத்த பெயர் அது. அவர் வீரத்தைக் கண்ட களங்களும் தமிழ் நாட்டில் பல உண்டு. 1780-ம் ஆண்டு செப்டம்பர் 10-ம் தேதி, காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில், கர்னல் பெய்லியின் படையைத் தந்தையும் மகனும் சின்னாபின்னமாக்கினார்கள். அருகிலேயே காஞ்சியில் இருந்த சர் ஹெக்டர் மன்றோ என்ற தளபதி, பெய்லிக்கு உதவ முடியாமல், தம்முடைய பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார். இந்த மன்றோவின் பெயரை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சிதம்பரம், குமராட்சி வட்டாரத்தாருக்கு இந்தப் போர் அந்நியமான கதையல்ல. 1781-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் தில்லைக் கோயிலின் மதில்களுக்குள் ஹைதரின் படை அரண் அமைத்திருந்தது. அதைப் பிடிக்க வந்த சர் அயர் கூட் அடிபட்டுத் திரும்பினார். ஆனால் ஜூலை 1-ம் தேதி பரங்கிப்பேட்டையில் வெற்றி அவருக்கே கிடைத்தது. அன்று அவருடைய படையின் ஒரு பிரிவை நடத்தியவரும் அதே மன்றோதான். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் திப்பு பதிலுக்குப் பதில் கொடுத்தார். கும்பகோணம் பக்கத்தில், கொள்ளிடக்கரையில், கர்னல் பிரெய்த்வெய்ட்டின் படையைச் சூழ்ந்து போரிட்டு முறியடித்து, கர்னலையே சிறைப்பிடித்தார்.

இயந்திரப் பித்து

1782-ம் ஆண்டு டிசம்பரில் ஹைதர் காலமானார். பட்டத்துக்கு வந்த திப்புவுக்குப் புதுமை எதைக் கண்டாலும் ஆசை. இரும்புக் குழாயில் மருந்து கெட்டித்து எறியும் அவருடைய ராக்கெட்டுகளைக் கண்டு வெள்ளையர் அஞ்சினார்கள். பின்னாளில் அவற்றைப் பார்த்துத்தான் வில்லியம் காங்க்ரீவ் இங்கிலாந்தில் ராக்கெட் செய்யக் கற்றார். மைசூருக்குப் பட்டுத்தொழில் திப்பு தந்த கொடை. 1788-ல் அவருடைய தூதர்கள் பாரிஸ் சென்று பதினாறாம் லூயி மன்னரைக் கண்டார்கள். படை உதவி கிட்டவில்லை. கைவினைஞர் சிலர் மட்டும் அவர்களோடு வந்தார்கள்.

புலியோ அவருடைய சின்னம். துப்பாக்கி, வாள், சிம்மாசனம், சிப்பாய்களின் உடை எல்லாவற்றிலும் புலி முகமோ புலி வரியோ இருந்தது.

அவரிடம் குறையே இல்லை என்று சொல்வதற்கில்லை. குடகிலும் மலையாளத்திலும் அவருடைய படைகள் செய்த கொடுமையை அந்நாட்டார் இன்னும் மறக்கவில்லை. அதே திப்பு, 1791-ல் மராட்டியப் படையினர் சூறையாடிய சிருங்கேரி மடத்துக்குப் பொருள் உதவி அனுப்பினார் என்பதும் சரித்திரமே.

பிள்ளைகளைப் பிரிந்த தந்தை

1792-ம் ஆண்டு மார்ச் மாதம் திப்புவின் வாழ்க்கையில் இடி விழுந்தது. கும்பெனியார், நிஜாம், மராட்டியர் மூவரும் ஒன்று சேர்ந்து வந்து ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருக்கினார்கள். ராஜ்யத்தில் பாதி போயிற்று. திண்டுக்கல்லும் சேலத்தை அடுத்த பாராமகாலும் அப்போதுதான் கும்பெனியின் கைக்கு மாறின. அபராதம் 3 கோடியே 30 லட்ச ரூபாய். எல்லாவற்றுக்கும் மேலாக, பத்து வயதை ஒட்டிய இரண்டு பிள்ளைகளைப் பிணையாகக் கொடுக்க வேண்டியிருந்தது. யானைமீது ஏறிப் போன குழந்தைகள் சென்னையிலிருந்து திரும்பி வந்தது 1794-ல்தான்.

அந்த 1792-ம் ஆண்டு டிசம்பரில், வங்காளத்துச் சாகர் தீவில் வேட்டைக்குச் சென்ற ஒரு வெள்ளை வாலிபனைப் புலி கவ்விச் சென்றது. அவன் வேறு யாருமல்ல. ஹெக்டர் மன்றோவின் மகன்! மரப்புலி செய்யப்பட்டதும் இதை ஒட்டிய காலத்தில்தான். ஆகவே, பழைய பகைவன் மகனின் சாவைக் கொண்டாடவே திப்பு இதைச் செய்வித்தார் என்று பலர் எழுதினார்கள்.

ஆனால் 1787-88-ல் அவருக்காகச் செய்த ஒரு துப்பாக்கியின் வெள்ளிப் பூணிலேயே புலி வெள்ளையனை வீழ்த்தும் உருவம் காணப்படுகிறது. ஆகையால் இந்தக் கற்பனை மன்றோ மகனின் சாவுக்கு முந்தியது. போர்க்களத்தில் நடவாததை, நாடிழந்து பிள்ளைகளையும் பிரிந்திருந்த மன்னர் தம் சங்கீத அறையில் நடத்திப் பார்த்தார் என்று எண்ணுவதே பொருத்தம்.

கைப்பிடி கைமாறியது

1799-ல் கும்பெனியார் மறுபடியும் முற்றுகையிட்டார்கள். எஞ்சிய நாட்டில் பாதியும், 2 கோடி ரூபாயும், நான்கு பிள்ளைகளும் வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. அதற்கு முந்திய ஆண்டிலேயே ஹைதராபாத் நிஜாம் கும்பெனிப் படையைத் தம் நாட்டில் ஏற்று அடங்கிவிட்டார். ஆர்க்காட்டு நவாபோ வெகுநாளாகவே கடனில் மூழ்கிக் கும்பெனியார் ஆட்டுவித்தபடி ஆடினார். அந்த வழியில் போயிருந்தால் திப்புவும் இன்னும் பல காலம் சுகமாக வாழ்ந்திருக்கலாம். அவர் அதற்கு இணங்கவில்லை.

மே 4-ம் தேதி பிற்பகலில் கோட்டை விழுந்தது. தாக்குதலை நடத்திய டேவிட் பெயர்ட், பொள்ளிலூரில் சிறைப்பட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்திலேயே ஆண்டுக்கணக்கில் அடைபட்டிருந்தவர். கோட்டை வாயிலில் குவிந்து கிடந்த பிணங்களின் நடுவே சுல்தானின் உடல் கிடைத்தது. சங்கீத அறையில் மரப்புலி அகப்பட்டது. பொன் வேய்ந்த சிம்மாசனத்தைத் துண்டு துண்டாக்கிப் பங்கு போட்டார்கள். புலியை மட்டும் கப்பலேற்றினார்கள்.

1808 முதல் லண்டனில் கும்பெனியின் மாளிகையில் அது காட்சிக்கு வைக்கப்பட்டது. வருகிறவர் போகிறவரெல்லாம் கைப்பிடியைச் சுழற்றி உறுமலும் அலறலும் எழுப்பியதில், பக்கத்துப் படிப்பறையில் இருந்தவர்களால் நிம்மதியாகப் படிக்க முடியவில்லை! இரண்டாம் உலக யுத்தத்தில் குண்டு விழுந்து நொறுங்கிய புலியை 1947-ல் ஒட்டிச் சீர் செய்தார்கள். நம் நாடு விடுதலை பெற்றதும் அதே ஆண்டில்தான்.

திப்புவின் குடும்பத்தாரை வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். 1806-ம் ஆண்டு ஜூலை 10-ம் தேதி அங்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது, கோட்டையின்மேல் ஏற்றிய கொடி திப்புவின் புலிக்கொடி.

சுழற்றுகிற கை எவருடையதோ, அவர் விருப்பப்படி ஒலிப்பது பொம்மையின் விதி. மரத்தாலான புலிக்கு அந்த விதி நேர்ந்தது. அதைச் செய்வித்த மனிதரோ அப்படி வாழ மறுத்து, வாளோடு மாண்டு போனார்.